கொழுந்தும் குளவியும்

உயிரியற் பாடநூலிலே சூழலியல் என்னும் அதிகாரத்தைத் திறந்தால், பெரும்பாலும் முதலில் நம்மை எதிர்கொள்பவை ஆபிரிக்கப் புல்வெளியும், அதில் மேயும் வரிக்குதிரையும், அதனைத் துரத்தும் சிங்கமுமே. புல்லை வரிக்குதிரை உண்ணும். வரிக்குதிரையைச் சிங்கம் உண்ணும். இஃது உணவுச் சங்கிலி. மாணாக்கர் இதனை மனனஞ் செய்வர், பரீட்சையில் எழுதுவர், புள்ளியும் பெறுவர். பின்னர் மாலையில், தேயிலை மலையின் நடுவே செல்லும் ஒற்றையடிப் பாதையால் லயத்துக்குத் திரும்புவர். தாம் கற்ற பாடம் அப்பாதையின் இரு மருங்கிலும் உயிரோடு நிற்கின்றது என்னும் எண்ணம் அவர்களில் ஒருவருக்கேனும் தோன்றுவதில்லை. அதற்குப் பிழையாளிகள் அவர்களல்லர், ஆசிரியராகிய நாமே.

ஹற்றனை அடுத்த மலைப்புறத்துக் கல்லூரியொன்றிலே பதினெட்டு ஆண்டுகளாக உயிரியல் கற்பித்து வருகின்றோம். எனினும் இவ்வுண்மையை நாம் உணர்ந்தது காலந்தாழ்த்தியே. உணர்த்தியவள் ஒரு மாணவி. அவள் கேட்ட கேள்வியையும், அதற்கு விடை தேடி நாம் பட்ட பாட்டையும் ஞாயிறு வாசகர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வீடு என்னும் சொல்

சூழலியலுக்கு மேனாட்டு மொழிகளில் வழங்கும் பெயரை 1866ஆம் ஆண்டில் ஆக்கியவர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல் என்னும் ஜெர்மானிய விலங்கியலறிஞர். கிரேக்க மொழியில் வீட்டைக் குறிக்கும் 'ஒய்க்கோஸ்' என்னும் சொல்லே அப்பெயருக்கு வேர். உயிர்கள் ஒன்றோடொன்றும், மண், நீர், காற்று, வெயில் என்பவற்றோடும் எவ்வாறு குடித்தனம் நடத்துகின்றன என்பதை ஆராய்வதால், இதனை 'வீட்டு நூல்' என்று சொன்னாலும் பிழையாகாது. இச்சொல் பிறந்த மறு ஆண்டு, அதாவது 1867இல், ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. இலங்கைத் தேயிலையும் சூழலியல் என்னும் சொல்லும் ஏறத்தாழ ஒரே வயதின.

ஆகவே இம்முறை நாம் சிங்கத்தை விடுத்து, கரும்பலகையில் 'வீடு' என்று எழுதினோம். "உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?" என்று வினவினோம். அம்மா, அப்பா, அம்மாயி, தம்பி என்று தொடங்கிய பட்டியல், பூனை, கோழி, எலி, கரப்பான், பல்லி என்று நீண்டு, பின்வரிசைப் பையன் ஒருவன் "மூட்டைப்பூச்சி, சேர்!" என்றதும் சிரிப்பில் முடிந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் இத்தனை உயிர்களா என்று அவர்களே வியந்தனர். யார் யாரை உண்கின்றார், யாருடைய மிச்சம் யாருக்கு உணவு, குப்பை எங்கே போகின்றது என்று கோடுகள் இழுத்தோம். எலியை அழித்தால் பூனைக்கு என்னவாகும்? கோழியை விற்றால் கரப்பானுக்கு என்னவாகும்? அரை மணி நேரத்தில் பலகை சிலந்தி வலை போலாயிற்று. உணவு வலை என்னும் பதத்தை நாம் விளக்க வேண்டிய தேவையே எழவில்லை.

நான்கு முளையும் ஒரு கயிறும்

அடுத்த வாரம், முறைப்படி அனுமதி பெற்று, கல்லூரிக்குப் பின்புறமுள்ள தேயிலை மலைக்கு மாணாக்கரை அழைத்துச் சென்றோம். கையிலிருந்தவை நான்கு முளைகளும் ஒரு கயிறும் குறிப்பேடுகளுமே. ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமுமாகக் கயிறு கட்டி, அச்சதுரத்துள் காணும் யாவற்றையும் எழுதுமாறு பணித்தோம்.

ஒரு தேயிலைத் தூர், அதன் அடித்தண்டிற் படர்ந்த பாசியும் லைக்கனும், புல்லும் வல்லாரையும், எறும்பு, சிலந்தி, நத்தை, மண்ணைக் கிளறியதும் நெளிந்த மண்புழு, முதல்நாள் மழை பெய்திருந்தமையால் நமது காலுறைக்குள்ளேயே புகுந்துவிட்ட ஓர் அட்டை. சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கும் பசுமையெல்லாம் உற்பத்தியாக்கிகள். அதனை உண்போரும், உண்போரை உண்போரும் நுகரிகள். உதிர்ந்த இலையை மண்ணாக்கும் பங்கசும் பற்றீரியாவும் பிரிகையாக்கிகள். பாடநூலின் மூன்று பக்கங்களும் அக்கயிற்றுக்குள்ளே அடங்கிவிட்டன.

அப்போது ஒரு பையன் கேட்டான்: "சேர், காட்டுல இலை உதிர்ந்து அங்கேயே மக்கிப்போகுது. இங்கே கொழுந்து கூடைக்குள்ள போயிடுதே?" சரியான இடத்தைத் தொட்டுவிட்டான். காட்டிலே மரம் மண்ணிடமிருந்து வாங்கிய கடனை உதிரும் இலையால் திருப்பிச் செலுத்துகின்றது. தேயிலை மலையிலோ கொழுந்து கூடையிலேறி, ஸ்டோருக்குப் போய், தூளாகிக் கொழும்புத் துறைமுகத்தால் கடல் கடந்துவிடுகின்றது. அதனுடன் மண்ணின் நைதரசனும் போகின்றது. போனதை யாரேனும் ஈடு செய்தாக வேண்டும், அதுவே உரம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டதையும், நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதையும் அம்மாணாக்கர் தம் பெற்றோர் வாயிலாக அறிந்திருந்தனர். 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகச் சுருங்கியது. அவ்வாண்டின் வேறு நெருக்கடிகளும் அதிற் பங்கு கொண்டன எனினும், உரமின்மை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. இரசாயனத்தைக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆயினும் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு பழக்கத்தை மாற்றுமுன், அதன்மேல் எது எது சாய்ந்து நிற்கின்றது என்று பார்த்தல் வேண்டுமன்றோ?

மலை முழுவதும் ஒரே செடியாக இருப்பதிலும் ஓர் அபாயம் உண்டு. தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்டது கோப்பி. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துருவாக ஒரு பங்கசு நோய் தோன்றி, இருபது ஆண்டுகளுக்குள் அப்பெருந்தொழிலை விழுத்திவிட்டது. 1880 முதல் 1882 வரை இலங்கையிலே தங்கி இந்நோயை ஆராய்ந்த மார்ஷல் உவார்ட் என்னும் தாவரவியலறிஞர், காட்டை முற்றாக வெட்டி இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையால் நோயின் வித்திகள் காற்றிலே தடையின்றிப் பரவின என்பதைச் சுட்டிக் காட்டினார். கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஒரே பயிர் என்னும் நிலை மட்டும் மாறவில்லை.

இரண்டு இலைகளின் நடுவே

நிற்க. அன்று ஒரு மாணவி, ஒட்டிக்கொண்டிருந்த இரு இலைகளை மெல்லப் பிரித்தாள். நூலிழையால் தைத்தாற்போன்ற அவ்விலைகளின் நடுவே ஒரு பச்சைப் புழு நெளிந்தது. இலையைச் சுருட்டி வீடு கட்டும் இப்புழுவுக்கு ஒரு வரலாறு உண்டு. அது நமது மலைநாட்டிலேயே நடந்த வரலாறாதலின், அங்கேயே நின்று சொல்லத் தொடங்கினோம்.

முன்னாளில் இப்புழு தேயிலைக்குப் பெரும் பகையாக இருந்தது. 1925இல் நிறுவப்பட்டு, தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தினர், இதற்கு மருந்தைத் தேடாமல் இதன் பகையைத் தேடினர். ஜாவாத் தீவிலே இப்புழுவின் உடலுள் முட்டையிடும் ஒரு நுண்ணிய குளவி இருந்தது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே உண்டு தீர்த்துவிடும். 1935, 1936ஆம் ஆண்டுகளில் அக்குளவி இலங்கைக்குக் கொணரப்பட்டு மலைகளில் விடப்பட்டது. அது தேயிலையைத் தீண்டாது, மனிதரைக் கொட்டாது, தன் வேலையை மட்டும் பார்த்தது. புழுவின் தொல்லை அடங்கியது. உயிரைக் கொண்டே உயிரை அடக்கும் இம்முறைக்கு, உலகத்து நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தேயிலைக்கு இன்னொரு பகை உண்டு. இரண்டு மில்லிமீற்றர் அளவேயான கரிய சிறுவண்டு ஒன்று, துப்பாக்கிச் சன்னம் பாய்ந்தாற்போலத் தண்டைத் துளைத்து, உள்ளே ஒரு பங்கசை வளர்த்து அதனையே உண்டு வாழ்கின்றது. துளைபட்ட வாது கொழுந்தெடுப்போரின் கை பட்டாலே முறிந்துவிடும். நடுத்தர உயரத்துத் தோட்டங்களில் இதன் கேடு மிகுதி. இதனை ஒழிக்க 1950களிலும் 1960களிலும் டில்ட்ரின் என்னும் வீரியம் மிக்க மருந்தை அடித்தனர். வண்டுக்கென்று அடித்த மருந்து அந்தச் சிறு குளவியையும் கொன்றது. காவலாளி இறந்ததும் கள்வன் வெளிவந்தான். அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. அதுவரை பெரிதாக எண்ணப்படாத வேறு புழுக்களும் தலைதூக்கின. அவற்றுள் ஒன்றான குச்சிப்புழுவின் பெருக்கத்துக்குக் காரணங்கள் யாவை என்பதை ஆராய்ந்து, தந்தநாராயண, கதிரவேற்பிள்ளை ஆகிய இருவரும் 1969இல் பிரித்தானியச் சூழலியற் சஞ்சிகையொன்றில் கட்டுரை வெளியிட்டனர். பூச்சிமருந்துகளின் தீங்கை உலகுக்கு உணர்த்திய றேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' அமெரிக்காவில் வெளிவந்தது 1962இல். அதே காலத்தில் அதே பாடம் தேயிலைத் தூர்களிலும் எழுதப்பட்டுக் கொண்டிருந்தது.

ஒன்றை நீக்குமுன், அதைச் சார்ந்து எது வாழ்கின்றது, அது எதனை அடக்கி வைத்திருக்கின்றது என்று கேள். இதுவே சூழலியலின் அரிச்சுவடி என்று சொல்லி முடித்தோம். பாடம் நன்றாக அமைந்தது என்ற நிறைவும் நமக்கு உண்டாயிற்று.

மாணவியின் கேள்வி

அந்நிறைவு வகுப்பறைக்குத் திரும்பும் வரையுமே நிலைத்தது. இலையைப் பிரித்த அதே மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், அந்தக் குளவி தேயிலையைக் காப்பாத்துச்சு. சரி. எங்க அம்மாவைக் கொட்டின குளவி எதைக் காப்பாத்துச்சு?"

வகுப்பு அடங்கியது. அவளுடைய தாயார் அதற்கு முந்திய மாதம் கொழுந்தெடுத்துக் கொண்டிருக்கையில், மரக்கிளையொன்றிலிருந்து கிளம்பிய கூட்டத்தாற் கொட்டப்பட்டு, நான்கு நாள் வைத்தியசாலையிற் கிடந்தவர் என்பதை நாம் அப்போதுதான் அறிந்தோம். அந்நாட்களின் சம்பளமும் போயிற்று. மலைநாட்டுச் செய்திகளை வாசிப்போருக்கு இது புதிதன்று. குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுவதும், சிலர் உயிரிழப்பதும் ஆண்டுதோறும் நிகழ்பவை.

நாம் சற்றுத் தடுமாறி, பாடநூல் விடையைச் சொன்னோம்: "பூச்சிகள் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுகின்றன."

"கொழுந்துக்குப் பூவே வேண்டாமே, சேர். பூக்க விடாமத்தானே கவ்வாத்து வெட்டுறாங்க."

அவள் சொன்னது உண்மை. மறுக்க நம்மால் இயலவில்லை. "அடுத்த கிழமை பதில் சொல்கிறோம்" என்றோம். மணி அடித்தது நல்லதாயிற்று.

ஒரு பெயர், மூன்று உயிர்கள்

அந்த வாரம் முழுவதும் அக்கேள்வி நம்மை விடவில்லை. முதலில் நமக்குப் புலப்பட்டது ஒரு சொற்குறை. 'குளவி' என்னும் ஒரே பெயரால் நாம் மூன்று வேறு உயிர்களைக் குறிக்கின்றோம். புழுவினுள் முட்டையிடும் கொசுவளவான ஒட்டுண்ணிக் குளவி ஒன்று. காகிதம் போன்ற கூடு கட்டி, புழுபூச்சிகளை வேட்டையாடும் பெருங்குளவி மற்றொன்று. மூன்றாவது, உயர்ந்த கிளையிலும் பாறையின் அடியிலும் ஒரே பெரிய அடையாகக் கூடு தொங்கவிடும் மலைத்தேனீ. சிங்கள அயலவர் இப்பெருங்குளவியைத் 'தெபரா' என்றும், மலைத்தேனீயைப் 'பம்பரா' என்றும் வேறு பிரித்து வழங்குகின்றனர். நம்மவரோ இரண்டையும் குளவி என்றே சொல்கின்றனர். பெயர் ஒன்றானால் பயமும் ஒன்றாகிவிடுகின்றது. பரிகாரமும் நெருப்பு ஒன்றே என்றாகிவிடுகின்றது.

மலைத்தேனீயின் இயல்பை அறிந்தால் வேறு வழி தெரியும். அது ஓரிடத்தில் நிலையாக இருப்பதன்று. பூக்காலத்தைத் தொடர்ந்து இடம் பெயர்வது. பெயர்ந்தாலும், முன்பு தங்கிய மரத்துக்கே மறுபடி வரும் வழக்கமுடையது. ஆகவே இந்த ஆண்டு ஒரு கூட்டைக் கொளுத்தினால் அடுத்த ஆண்டு வேறொரு கூட்டம் அதே கிளைக்கு வரலாம். ஒரு தேனீ கொட்டும்போது வெளிப்படும் வாசனை, மற்றவற்றுக்கு அபாய அறிவிப்பாகி அவற்றையும் அதே ஆளின்மேல் ஏவுகின்றது. கையை வீசி அடித்தால் நிலை மேலும் கெடும். முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு விரைந்து விலகிக் கட்டடத்துள் புகுதலே தக்கது. உடலில் தைத்த கொடுக்குகளைத் தாமதமின்றிச் சுரண்டி அகற்ற வேண்டும். பல கொட்டுகள் பட்டவரையும், மூச்சுத்திணறல் காண்பவரையும் கணமும் தாமதியாது வைத்தியசாலை சேர்த்தல் வேண்டும். இவற்றைத் தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நன்று.

அடுத்த வாரம் வகுப்பில் நாம் முதலிற் சொன்னது ஓர் ஒப்புதல். "அந்தத் தேனீ உன் தாயாருக்கு நன்மை எதுவும் செய்யவில்லை. கொழுந்துக்கும் அதனால் ஆவது ஒன்றுமில்லை. காட்டு மரங்களுக்கும், லயத்துக் கொல்லையிலுள்ள பூசணிக்கும் சௌசௌவுக்கும் பூந்தாது சுமக்கும் தேனீக்களுள் அதுவும் சேரும். ஆனால் அதன் பொருட்டு உன் தாயார் வேதனைப்பட வேண்டும் என்று சூழலியல் சொல்லவில்லை."

இயற்கையின் சமநிலை என்று நாம் புகழ்வது யாருக்கும் இரக்கம் காட்டுவதன்று. அது புழுவையும் தேனீயையும் மனிதரையும் ஒரே தராசில் வைக்கும். ஆனால் சூழலியல் கற்ற மனிதர் அவ்வாறு இருத்தல் ஆகாது. அவர் போடும் கணக்கிலே கூடை சுமக்கும் பெண்ணும் ஓர் உயிராக எழுதப்பட வேண்டும். டில்ட்ரின் அடித்தவர்கள் சிறு குளவியைக் கணக்கில் எழுத மறந்தார்கள். காட்டுயிரைப் போற்றும் நாம் சில வேளைகளில் தொழிலாளியை எழுத மறக்கின்றோம். இரண்டும் ஒரே வகைப் பிழையே.

இதன்பின் மாணாக்கர் தாமாகவே ஒரு வேலையை மேற்கொண்டனர். தத்தம் லயத்தைச் சுற்றியுள்ள மலைகளில் எந்த மரத்தில், எந்தப் பாறையில், எந்த மாதத்தில் கூடு காணப்படும் என்று வீட்டாரிடம் கேட்டு ஒரு வரைபடம் தயாரித்தனர். பதினொரு இடங்கள் குறிக்கப்பட்டன. அப்படியொன்று தோட்டத்து உத்தியோகத்தரிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதனை வாங்கி வைத்துக்கொண்டார். கூடு கட்டும் காலத்தில் அம்மரங்களை அடுத்த நிரைகளுக்கு ஆட்களை அனுப்பாதிருத்தலும், பயிற்சி உள்ளவர்களைக் கொண்டு கூட்டை அகற்றுவித்தலும், அவசரத்துக்கு ஒரு வாகனத்தை ஆயத்தமாக வைத்திருத்தலும் இயலாத காரியங்களல்ல. இவை முறையாக நடைபெறும் என்று உறுதி கூற நம்மால் இயலாது. எனினும் கேட்பதற்கு ஒரு படம் இப்போது கையில் இருக்கின்றது.

பெற்றோர் கூட்டத்தன்று அம்மாணவியின் தாயார் வந்திருந்தார். படத்தை அவரிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு விட்டுப்போச்சுங்க, சேர்" என்றார்.

"எது அம்மா?"

"பருந்து. பருந்து வந்து கூட்டைக் கொத்துற அன்னைக்குத்தான் அது ஆளுங்க மேல பாயும். மேல பருந்து சுத்துச்சுன்னா, பழைய ஆளுங்க அந்த நிரையை விட்டு எறங்கிடுவோம். அன்னைக்கு எறங்க விடலை."

தேன்பருந்து கூட்டைச் சூறையாடுவதும், கலைந்த தேனீக்கள் கீழேயிருப்போரைத் தாக்குவதும் நூல்களிற் காணப்படும் செய்திகளே. நாமும் வாசித்திருக்கின்றோம். ஆயினும் அதனை இந்த மலைக்கும் இந்த நிரைக்கும் பொருத்திச் சொல்ல ஒரு கொழுந்தெடுக்கும் தாய் வரவேண்டியிருந்தது. பல்லாண்டுகளாக அவர் வானத்தையும் மரத்தையும் பார்த்துக் கற்ற கல்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேளாமையின் விலையை அவரே செலுத்தினார்.

மறுநாள் வகுப்பில், வரைபடத்தின் மேற்புறத்தில் அவருடைய மகளே ஒரு பருந்தை வரைந்தாள். பூவிலிருந்து தேனீக்கும், தேனீயிலிருந்து பருந்துக்கும் கோடுகள் இழுத்தாள். பின்னர் சற்று யோசித்து, கூடை சுமந்த ஒரு பெண்ணைக் கீழே வரைந்து, பருந்திலிருந்து அவளுடைய கண்ணுக்கு ஒரு கோடு இழுத்தாள். பாடநூலில் அவ்வாறான கோடு இல்லை. ஆயினும் நாம் அதனை அழிக்கவில்லை.